இனக்கவர்ச்சிப் பொறிகள்: கத்தரி வயலிலும் கொய்யாத் தோப்பிலும் ஓராண்டு பயன்படுத்திய பின் ஒரு மதிப்புரை

கத்தரிக்காயை அரிந்ததும் உள்ளே கறுத்த சுரங்கமும் அதன் முனையில் இளஞ்சிவப்புப் புழுவும் கிடப்பதைப் பார்த்திராத வீடு நம் ஊரில் இராது. சமையலறையில் சொத்தை என்று சொல்லி அந்தக் காயைத் தூக்கிப் போட்டுவிடலாம். வயலில் அது அவ்வளவு எளிதாக முடிவதில்லை. குருத்து மற்றும் காய்த்துளைப்பான் என்று வேளாண் துறையினர் குறிப்பிடும் இந்தப் புழு, முட்டையை விட்டு வெளிவந்த சில மணி நேரத்திலேயே இளங்குருத்திலோ காயிலோ துளையிட்டுப் புகுந்து, நுழைந்த வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொள்வதால், அதன் பிறகு வெளியே தெளிக்கும் மருந்து அதைத் தொடுவதே இல்லை. அந்தச் சில மணி நேரத்தைத் தவறவிடக் கூடாது என்ற அச்சத்தில்தான் கத்தரி போடுகிறவர்கள் வாரம் இருமுறை மருந்தடிக்கிறார்கள். வேலூர் மாவட்டத்தில் 40 சென்ட் நிலத்தில் முள்ளுக்கத்தரி போடும் நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். சென்ற ஆடிப் பட்டத்தில் முதன்முறையாக இனக்கவர்ச்சிப் பொறிகளை வாங்கிக் கட்டினேன். பிறகு கொய்யாத் தோப்புக்கும், பாகல் பந்தலுக்கும், வரப்போரத் தென்னைகளுக்கும் அவற்றின் வெவ்வேறு வகைகளை வாங்கினேன். ஓராண்டுக் காலம் அவற்றோடு இருந்துவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பொருள் மிக எளியது. குடை போன்ற ஒரு மூடி, அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் புனல், புனலின் அடியில் கட்டித் தொங்கவிடும் நீண்ட பாலித்தீன் பை. மூடியின் உட்புறத்தில் கவர்ச்சிப் பொருள் ஊறிய சிறு ரப்பர் அடைப்பான் ஒன்றைச் செருகிவிட்டால் பொறி தயார். கடையில் அந்த அடைப்பானை லூர் என்றே கேட்க வேண்டும். எங்கள் பகுதி மருந்துக் கடையில் பொறி ஒன்றுக்கு 80 ரூபாயும் லூர் ஒன்றுக்கு 40 ரூபாயும் கொடுத்தேன். பொறி இரண்டு மூன்று பருவங்களுக்கு உழைக்கும். லூரை மாதம் ஒருமுறையேனும் மாற்ற வேண்டும். ஆகவே நாம் உண்மையில் வாங்குவது அந்தக் கடலைப் பருப்பளவு ரப்பரைத்தான். மற்றதெல்லாம் அதைத் தொங்கவிடுவதற்கான கொக்கி.

அந்த ரப்பரில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் இந்தப் பொருளைச் சரியாகப் பயன்படுத்தவும் முடியாது, நியாயமாக மதிப்பிடவும் முடியாது என்பதால் அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். இரவில் பெண் அந்துப்பூச்சி இலையில் அமர்ந்து, வயிற்று நுனியிலுள்ள சுரப்பியைத் திறந்து, கண்ணுக்கும் நம் மூக்குக்கும் எட்டாத அளவு ஆவியைக் காற்றில் விடுகிறது. காற்று போகும் திசையில் இருக்கும் ஆண் பூச்சி தன் உணர்கொம்புகளால் அதைப் பிடித்துக்கொண்டு, காற்றை எதிர்த்துப் பறந்து வந்து சேர்கிறது. இப்படியொரு பொருள் இருக்கிறது என்பதை முதன்முதலில் வேதியியல் முறையில் நிறுவிக் காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் புட்டனாண்ட். ஏறத்தாழ 5 இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் சுரப்பிகளைச் சேகரித்து, இருபது ஆண்டு உழைப்புக்குப் பிறகு 1959ஆம் ஆண்டில் பாம்பிகால் என்ற பொருளை அவரது குழுவினர் அடையாளம் கண்டனர். இத்தகைய பொருள்களைக் குறிக்கும் ஃபெரமோன் என்ற சொல்லும் அதே ஆண்டில்தான் உருவாக்கப்பட்டது.

கத்தரித் துளைப்பானின் கவர்ச்சிப் பொருள் 1980களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டது. அதன் முதன்மைக் கூறு ஈ-11-ஹெக்சாடெசினைல் அசிடேட் என்ற, 16 கரிம அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியில் பதினோராவது இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. அந்த இடத்தில் சங்கிலி நேராகப் போனால் அது கத்தரிப் பூச்சிக்கான அழைப்பு. அதே இடத்தில் சங்கிலி வளைந்து போனால், அணுக்களின் எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லாமலேயே அது வேறொரு பொருளாகிவிடுகிறது. முட்டைக்கோசைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சியின் அழைப்பில் அந்த வளைந்த வடிவம் ஒரு கூறாக இருக்கிறது. ஒரே வயலில் கத்தரியும் முட்டைக்கோசும் அடுத்தடுத்த பாத்திகளில் நின்றாலும் அந்தந்தப் பூச்சி தன் இனத்தைத் தவறாமல் கண்டுகொள்வது இத்தகைய நுண்ணிய வேறுபாடுகளாலும், கூறுகள் கலக்கும் விகிதத்தாலும்தான். தரம் குறைந்த லூர் ஏன் பயனற்றுப் போகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். தயாரிப்பில் வடிவமோ விகிதமோ பிசகினால், நாம் வயலில் தொங்கவிடுவது யாருக்கும் புரியாத ஒரு கூப்பாடு.

நாற்று நட்டு மூன்றாவது வாரத்தில் நான்கு பொறிகளைக் கட்டினேன். முதல் தவறு உயரத்தில் நேர்ந்தது. ஆள் உயரக் கம்பில் கட்டிவிட்டு நான்கு நாள் காத்திருந்தும் பையில் ஒன்றும் விழவில்லை. இந்தப் பூச்சி செடியின் தலைமட்டத்தை ஒட்டியே பறக்கும் இயல்புடையது என்பதை அறிந்து, புனல் செடிக்குச் சற்று மேலே நிற்குமாறு இறக்கிக் கட்டிய மறுநாள் காலையில் இரண்டு பொறிகளில் பூச்சிகள் இருந்தன. அவற்றை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். வெண்ணிற இறகு, முன்னிறகில் பழுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த திட்டுகள், உயிரோடிருந்த ஒன்று வயிற்று நுனியை மேல்நோக்கி வளைத்தபடி அமர்ந்திருந்தது. இத்தனை ஆண்டுகள் நான் மருந்தடித்துக்கொண்டிருந்த எதிரியை அன்றுதான் முதன்முறையாக நேரில் பார்த்தேன். புழுவை நன்றாகத் தெரியும், பூச்சியைத் தெரியாது. செடி வளர வளரப் பொறியையும் உயர்த்திக்கொண்டே போக வேண்டும் என்று பொருளின் உறையில் ஒரு வரி அச்சிட்டிருந்தால் அந்த நான்கு நாட்கள் வீணாகியிருக்காது.

அதன் பிறகு அன்றாடம் காலையில் பூச்சிகளை எண்ணிக் குறித்துவைத்தேன். தொடக்கத்தில் பொறிக்கு இரண்டு மூன்றுக்கு மேல் விழவில்லை. ஐப்பசி மழை விட்டு வெயில் வந்த வாரத்தில் எண்ணிக்கை திடீரென்று பத்தைத் தாண்டியது. அடுத்த ஒரு வாரம் பத்து நாளில் வயலில் குருத்துகள் தலைசாய்ந்து வாடத் தொடங்கின. இந்த இடைவெளிதான் இந்தப் பொருள் நமக்குத் தரும் உண்மையான மதிப்பு என்பது என் உறுதியான கருத்து. பூச்சி வந்ததைச் செடி வாடிய பிறகு அறிவதற்கும், அது முட்டையிடும் நாளிலேயே அறிவதற்கும் உள்ள வேறுபாடு, மருந்தை எப்போது அடிப்பது, அடிக்காமல் எப்போது இருப்பது என்பதையே மாற்றிவிடுகிறது. முந்தைய பட்டத்தில் நாட்காட்டியைப் பார்த்து வாரம் இருமுறை அடித்த நான், இந்தப் பட்டத்தில் பொறியைப் பார்த்து மொத்தம் நான்கு முறை மட்டுமே அடித்தேன். அதிலும் இரண்டு முறை வேப்பங்கொட்டைக் கரைசல்.

பொறி கட்டினால் சொத்தையே இராது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள். இதில் விழுவது ஆண் பூச்சி மட்டுமே. முட்டையிடுவது பெண் பூச்சி. ஓர் ஆண் பல பெண்களோடு சேரக்கூடியது. வயலிலுள்ள ஆண்களில் பாதியைப் பிடித்துவிட்டாலும், மீதமிருக்கும் பாதி எல்லாப் பெண்களுக்கும் போதும். பத்தில் ஒன்பதுக்கும் மேலாகப் பிடித்தால்தான் இனப்பெருக்கம் உண்மையில் தடைபடும். அதற்கு ஏக்கருக்கு 5 பொறி என்ற கண்காணிப்புக் கணக்கு பற்றாது, அதைப்போலப் பல மடங்கு வைக்க வேண்டும். வங்கதேசத்திலும் வட இந்தியாவிலும் கத்தரி வயல்களில் இந்தப் பொறியை வெற்றிகரமாகப் பயன்படுத்தியவர்கள் அதைத் தனியாக வைக்கவில்லை. வாடிய குருத்துகளை வாரந்தோறும் கிள்ளி அழித்தார்கள். கடும் மருந்துகளை நிறுத்தினார்கள். மருந்தை நிறுத்தியதும் ட்ரத்தாலா என்ற ஒட்டுண்ணிக் குளவி வயலுக்குத் திரும்பி வந்து, துளைக்குள் இருக்கும் புழுவின் உடலிலேயே தன் முட்டையை வைக்கத் தொடங்கியது. நம் மருந்து எட்டாத இடத்துக்கு அந்தக் குளவியின் முட்டையிடும் ஊசி எட்டுகிறது.

நானும் வீட்டாரும் வாரம் ஒருநாள் காலையில் வாடிய குருத்துகளைத் துளைக்குக் கீழே ஒரு விரற்கடை விட்டுக் கிள்ளிச் சாக்கில் போட்டு எரித்தோம். அந்த உழைப்பு இல்லாமல் பொறிக்கு மட்டும் முழு மதிப்பெண் கொடுப்பது முறையாகாது. சொத்தை முற்றிலும் ஒழியவில்லை. கழித்துப் போடும் காய்களின் அளவு கண்கூடாகக் குறைந்தது, மருந்துச் செலவு பெருமளவு குறைந்தது. பூக்களில் தேனீக்கள் மீண்டும் தென்பட்டதைக் கண்டு எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை எந்த வரவுசெலவுக் கணக்கிலும் எழுத முடியாது.

லூரின் தரத்தைப் பற்றி ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். மார்கழியில் வேறொரு கடையில் வாங்கிய லூர்களை மாற்றிய பிறகு பத்து நாள் பொறிகள் காலியாகவே இருந்தன. வயலிலோ குருத்து வாடுவது நிற்கவில்லை. பூச்சி இல்லை என்று பொறி பொய் சொல்கிறது என்பது புரிந்ததும், பழைய கடையிலிருந்து புதிய லூர் ஒன்றை வாங்கிவந்து, வயலின் இரு முனைகளிலும் இரண்டையும் தனித்தனிப் பொறிகளில் வைத்தேன். மறுநாள் காலையில் ஒன்றில் ஏழு பூச்சிகள், மற்றதில் ஒன்றுமில்லை. மார்கழியில் வாங்கிய கடையில் லூர்களை வெயில்படும் கண்ணாடி அலமாரியில் சாதாரண பிளாஸ்டிக் உறையில் தொங்கவிட்டிருந்ததை நான் வாங்கும்போதே கவனித்திருக்க வேண்டும். மெல்ல மெல்ல ஆவியாக வேண்டிய பொருள் கடையிலேயே ஆவியாகிப் போயிருக்கிறது. அலுமினியத் தாள் உறையில் காற்றுப் புகாமல் அடைத்து, தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் அச்சிட்ட லூரை மட்டுமே வாங்க வேண்டும். வாங்கியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். கட்டும் நாளில் மட்டுமே உறையைப் பிரிக்க வேண்டும். வீரியம் இழந்த லூர், பொறியே இல்லாததைவிடத் தீமையானது, ஏனென்றால் அது நம்மை அமைதியாக இருக்கச் சொல்கிறது.

கொய்யாத் தோப்பில் கட்டிய பழ ஈப் பொறியின் செய்தி முற்றிலும் வேறு. இதில் இருப்பது பூச்சி சுரக்கும் பொருள் அன்று; செடிகள் சுரக்கும் மீத்தைல் யூஜினால். கிராம்பை நினைவூட்டும் மணமுடைய இந்தப் பொருள் துளசியில் இருக்கிறது. கொன்றைப் பூவிலும் உண்டு. பீகாரின் பூசாவிலிருந்த வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர், கொசுவை விரட்டப் பயன்படுத்தும் சிட்ரோனெல்லா எண்ணெயை நாடிப் பழ ஈக்கள், அதுவும் ஆண் ஈக்கள் மட்டும், வருவதை 1912ஆம் ஆண்டில் பதிவு செய்தார். மூன்றாண்டுகளுக்குப் பிறகு அந்த ஈர்ப்புக்குக் காரணம் மீத்தைல் யூஜினால் என்பதையும் எடுத்துக்காட்டினார். உலகமெங்கும் இன்று விற்பனையாகும் இந்தப் பொறியின் வேர் நம் நாட்டு மண்ணில் இருப்பது பலருக்குத் தெரியாது.

ஆண் ஈ ஏன் இதற்கு இவ்வளவு ஏங்குகிறது என்பதற்கு விடை பின்னாளில் கிடைத்தது. அது மீத்தைல் யூஜினாலை நக்கி உண்டு, உடலுக்குள் வேறு இரண்டு பொருள்களாக மாற்றி, மலக்குடலை ஒட்டிய சுரப்பியில் சேமித்துவைத்து, மாலையில் பெண்ணைக் கவரும் மணமாக வெளியிடுகிறது. உண்ட ஆணுக்குத் துணை எளிதில் கிடைக்கிறது. மலேசியக் காடுகளில் பல்போஃபில்லம் வகை ஆர்க்கிட் மலர்கள் இந்த ஏக்கத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன. தேன் ஏதும் தராமல் இந்தப் பொருளையே பரிசாக வைத்து ஈயை வரவழைத்து, ஊஞ்சல்போல் அசையும் உதட்டிதழால் அதை மகரந்தத்தின்மேல் சாய்த்துவிடுகின்றன. ஒரே பொருள் மலருக்குக் கூலியாகவும், ஈக்கு மணமாகவும், நமக்குப் பொறியாகவும் ஆகியிருக்கிறது.

இந்த ஏக்கத்தின் வலிமையை நான் கண்ணால் கண்டேன். மீத்தைல் யூஜினாலில் ஊறிய ஒட்டுப்பலகைத் துண்டின் உறையைத் தோப்பில் நின்று பிரித்தேன். பொறிக்குள் மாட்டி முடிப்பதற்குள் முதல் ஈ என் கையுறையின்மேல் வந்து அமர்ந்து நக்கத் தொடங்கிவிட்டது. மாலைக்குள் பொறியின் அடியில் விரலளவுக்கு ஈக்கள் குவிந்தன. கத்தரிப் பொறி ஓர் ஒற்றன் என்றால் இது ஒரு படை. பசிபிக் கடலிலுள்ள மேரியானா தீவுக்கூட்டத்தின் ரோட்டா தீவில் 1960களின் தொடக்கத்தில் மீத்தைல் யூஜினாலும் நச்சு மருந்தும் ஊறிய அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டுப் பழ ஈயையே ஒழித்துக்கட்டினார்கள்.

என் தோப்பு தீவு அன்று என்பதுதான் இதில் சிக்கல். பக்கத்துத் தோப்பு அண்ணனிடம் அவரும் கட்டினால் நல்லது என்று சொன்னபோது, “உங்க பொறி எங்க தோப்பு ஈயையும் இழுத்துக்கிட்டா நல்லதுதானே தம்பி, நான் எதுக்குத் தனியா வாங்கணும்?” என்று கேட்டார். கேள்வி நியாயமானதாகத் தோன்றினாலும், அவர் தோப்பில் ஏற்கெனவே இணைசேர்ந்து வயிறு நிறைய முட்டையோடு இருக்கும் பெண் ஈக்களை எந்தப் பொறியும் இழுப்பதில்லை. அவை வேலி தாண்டி வந்து என் கொய்யாவில் முட்டையிடும். முதல் மழைக்காலக் காய்ப்பில் புழு வைத்த பழங்கள் ஓரளவே குறைந்தன. உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிக் குழியில் ஆழமாகப் புதைத்து, அண்ணனும் மனம் மாறி ஆறு பொறிகள் கட்டிய பிறகு வந்த காய்ப்பில்தான் உழவர் சந்தைக்குக் கூடை நிறைய நல்ல பழம் எடுத்துச் செல்ல முடிந்தது.

ஒரு பாதுகாப்புக் குறிப்பு அவசியம். மீத்தைல் யூஜினாலை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வாய்ப்புடைய பொருள்களின் வரிசையில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2023ஆம் ஆண்டில் சேர்த்திருக்கிறது; பலகைத் துண்டில் பூச்சிக்கொல்லியும் கலந்திருக்கும். வெறுங்கையால் தொடுவதும், குழந்தைகளை விட்டுக் கட்டச் சொல்வதும் கூடாது. நான் வாங்கிய உறையில் கையுறை என்ற சொல்லே இல்லை. பொறி தொங்கும் கம்பியில் சிறிது கிரீஸ் தடவிவைப்பதும் நல்லது. இல்லையேல் எறும்புகள் இரவோடு இரவாக ஈக்களை இழுத்துச் சென்றுவிடும், எண்ணிக்கை தவறாகிவிடும்.

பாகல் பந்தலில் எனக்கு நேர்ந்தது கடைக்காரர் பிழை. பழ ஈக்கு லூர் கேட்டபோது, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி மீத்தைல் யூஜினாலையே கொடுத்தார். பொறி நிறைய ஈக்கள் விழுந்தன, பாகல் பிஞ்சுகளோ தொடர்ந்து வெம்பி அழுகின. விழுந்தவை கொய்யா, மா மரங்களின் ஈக்கள். பாகல், புடல், பீர்க்கைத் தாக்கும் ஈ வேறு இனம், அதற்குக் கியூ லூர் என்ற வேறு பொருள் வேண்டும். கொடிக் காய்கறிக்கு வாங்குகிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். கிடைக்காவிட்டால், நம் ஊரில் நெடுநாளாக வழக்கத்திலிருக்கும் கருவாட்டுப் பொறியே மேல். அதற்குப் பெண் ஈக்களும் வரும்.

தென்னைக்கு வாங்கிய சிவப்புக் கூன்வண்டு வாளிப் பொறியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 1993ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட ஃபெருஜினியால் என்ற இதன் கவர்ச்சிப் பொருளை ஆண் வண்டு வெளியிடுகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே வருகின்றன என்பதால் நான் வாங்கிய பொறிகளில் இந்த ஒன்றில் மட்டும் முட்டையிடும் பெண்ணும் அகப்படுகிறது. லூரோடு வாளிக்குள் புளித்த கரும்போ அன்னாசித் தோலோ போட்டு வாராவாரம் மாற்றாவிட்டால் பயன் பாதியாகிவிடும். மரத்திலேயே கட்டக் கூடாது. இளந்தென்னைகளுக்கு அருகில் வைத்தால் வழியோடு போகும் வண்டை நாமே விருந்துக்கு அழைத்ததாகிவிடும். தோட்டத்து எல்லையில், நிழலில், வாளியின் வெளிப்புறத்தில் சாக்குத் துணி சுற்றி வைத்தேன். வண்டுகள் விழுகின்றன, பத்துத் தென்னைகளை வைத்துக்கொண்டு அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

கத்தரிப் பொறிக்கு ஐந்தில் நான்கு மதிப்பெண் தருவேன். குறைத்த ஒன்று உறையில் இல்லாத வழிகாட்டுதலுக்காக. பழ ஈப் பொறிக்குத் தனியொருவர் கட்டினால் மூன்று, தெருவே சேர்ந்து கட்டினால் ஐந்து. வரும் ஆடிக்கு நான்கு கத்தரிப் பொறிகளைக் கழுவிக் காயவைத்து எடுத்துவைத்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கான பன்னிரண்டு லூர்கள் அலுமினிய உறை பிரிக்காமல் குளிர்பதனப் பெட்டியின் கதவில், தேதி எழுதிய டப்பாவுக்குள் இருக்கின்றன. கொய்யாவுக்கான பலகைத் துண்டுகளை இந்த முறை அண்ணனே எங்கள் இருவருக்குமாகச் சேர்த்து வாங்கி வந்துவிட்டார்.